உப்புத் தண்ணீரில் ஒரு புள்ளி

திண்டிவனம்,
12.6.1998

செல்வி வெனிலா அவர்களுக்கு,

ஆராய்ச்சியை விட்டு ஊருக்கு வந்ததில் ஆய்வுக்கூடத்துப் பொருள்கள் சில என்னிடம் தங்கிவிட்டன. எலி அறைச் சாவி, நூலகப் புத்தகங்கள், ஸ்டாப் வாட்ச் எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததும் கையெழுத்துப் போட்டு ஒரு வரி எழுதுங்கள். அம்சா தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று பேராசிரியரிடம் நீங்கள் போய்ச் சொல்ல இடம் வைக்க நான் விரும்பவில்லை. இந்தக் கடிதத்துக்குக் கார்பன் நகல் எடுத்து வைத்திருக்கிறேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

‘நீங்கள்’ என்று எழுதக் கை கூசுகிறது. எம்.எஸ்ஸி. முதல் வருஷத்திலிருந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள் நாம். நீ என்றே எழுதுகிறேன். திட்டுவதற்கும் அதுதான் வசதி.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் முதலிலிருந்து எழுதுகிறேன். நாளைக்கு வேறு யாராவது இந்த நகலைப் படித்தால் புரிய வேண்டும்.

மூளை தன்னைத் தூங்க வைத்துக்கொள்வதற்குத் தானே சில கொழுப்புப் பொருள்களைச் செய்துகொள்கிறது. அதில் ஒன்று ஒலியமைடு. அமெரிக்காவில் பூனைகளைத் தூங்க விடாமல் வைத்து, அவற்றின் மூளையைச் சுற்றியிருக்கும் நீரில் அதைக் கண்டுபிடித்தார்கள். விழித்திருக்க விழித்திருக்க அது சேருகிறது, சேர்ந்ததும் உறக்கத்தை இழுத்து வருகிறது என்று சொல்கிறார்கள். நம் எலிகளிலும் அப்படித்தானா என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. தண்ணீர்த் தொட்டிக்குள் பூச்சட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் எலியை விட்டேன். கண் சொருகினால் தண்ணீரில் விழும், விழித்துக்கொள்ளும். பாவம்தான். அந்தப் பாவத்தையும் செய்தேன். தூங்காத எலியின் மூளைச் சாற்றைக் குழாயில் பிரித்தெடுத்து, வெள்ளை மாவு பூசிய கண்ணாடித் தட்டில் பொட்டாக வைத்து, ஒவ்வொரு பொருளும் தனித்தனி உயரத்துக்கு ஏறும்படி ஓட்டி, அயோடின் புகை காட்டியபோது ஒலியமைடு இருக்க வேண்டிய இடத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி வந்தது. நன்றாகத் தூங்கிய எலிக்கு வந்ததா வரவில்லையா என்று தேட வேண்டியிருந்தது. பேராசிரியர் சீனுவாசன் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “பரவால்லம்மா, விழுப்புரத்துல உக்காந்துகினே சாதிச்சிட்ட” என்றார். அன்றைக்கு நாம் இரண்டு பேரும் ரயில்வே ஸ்டேஷன் எதிரில் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

இரண்டாவது முறை செய்தபோது எல்லாக் குழாயிலும் புள்ளி. தூங்கிய எலிக்கும் தூங்காத எலிக்கும் வித்தியாசமே இல்லை. கடைசியில் எலியே இல்லாத குழாயிலும் புள்ளி. நம் கூடத்து வழக்கப்படி ஒரு குழாயில் வெறும் உப்புத் தண்ணீர் விட்டு, அதையும் மற்றவற்றோடு சேர்த்து எல்லாம் செய்வோமே, அதில். உப்புத் தண்ணீருக்கு மூளை ஏது, வெனிலா? யாராவது கையால் விட்டிருந்தால்தான் வரும். கூடத்தில் இருந்த சுத்தமான ஒலியமைடு ஒரே ஒரு சீசா. அது பூட்டிய பிரிட்ஜில் இருந்தது. சாவி உன் கைப்பையில் இருந்தது.

பேராசிரியர் கூப்பிட்டுக் கேட்டபோது நீ சொன்னதும் எனக்குத் தெரியும். “சாவி என்கிட்டதான் சார் இருக்குது. ஆனா அம்சா கேட்டா குடுத்துடுவேன்.” அந்த இரண்டாவது வாக்கியம் எதற்கு?

அம்சா


விழுப்புரம்,
20.6.1998

இயேசு மரி சூசை

அம்சாவுக்கு,

பொருள்கள் கிடைத்தன. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தேதியோடு. உன் நகலோடு சேர்த்துப் பத்திரப்படுத்திக்கொள்.

ஆனால் ஒன்று குறைகிறது. நான் சென்னையில் பாரிமுனையிலிருந்து வாங்கி வந்த பிளாஸ்டிக் குழாய்களில் பாதிப் பை மிச்சம் இருந்தது. அலமாரியில் இப்போது இல்லை. சாவியைக்கூட நினைவாகத் திருப்பி அனுப்பியவள் அதை மட்டும் எதற்கு எடுத்துப் போனாய் என்று எனக்குப் புரியவில்லை. பேராசிரியரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமா என்பதை நீயே எழுது.

அந்த இரண்டாவது வாக்கியம் உண்மை என்பதால்தான் சொன்னேன். சாவி கேட்டால் கொடுத்திருக்கிறேன். கொடுக்கவில்லை என்று பொய் சொல்லியிருக்க வேண்டுமா? அப்படிச் சொல்லியிருந்தால் நான் ஒருத்திதான் திருடி என்று ஆகியிருக்கும். உனக்கு அது பரவாயில்லை போலிருக்கிறது.

நீ இவ்வளவு வெளிப்படையாக எழுதியதால் நானும் எழுதுகிறேன். உன் முதல் தட்டு அவ்வளவு சுத்தமாக வந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது. நம் பழைய பிரிட்ஜும் பாதி நேரம் இல்லாத கரெண்டுமாக இருந்துகொண்டு, முதல் முயற்சியிலேயே அமெரிக்காக்காரன் போல வருமா என்று நினைத்தேன். தோழி என்பதால் வாயைத் திறக்கவில்லை. ஐஸ்கிரீமும் சாப்பிட்டேன். இப்போது பேராசிரியர் நினைப்பதும் அதுதான். “மொத தடவ வேணுங்கற குழாயில மட்டும் விட்டிருக்குது அந்தப் பொண்ணு. ரெண்டாவது தடவ அவசரத்துல உப்புத் தண்ணிலயும் உட்டுடுச்சி” என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. மறுக்க என்னிடம் என்ன இருக்கிறது?

அவர் காலில் வந்து விழு என்று நான் சொல்லவில்லை. வந்து மூன்றாவது முறை செய் என்கிறேன். நீ செய்யாதவள் என்றால் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

வெனிலா


திண்டிவனம்,
3.7.1998

வெனிலா,

பயப்படுகிறேன் என்று எழுதிவிட்டாய். நல்லது.

மூன்றாவது முறை செய்யலாம். செய்தால் மூன்றாவது முறையும் உப்புத் தண்ணீரில் புள்ளி வரும். அந்தப் பிரிட்ஜின் சாவி இன்னும் உன்னிடம்தானே இருக்கிறது? நான் எலியோடு கண் விழித்துக் கிடப்பேன், நீ வந்து ஒரு சொட்டு விட்டுவிட்டுப் போவாய். நல்ல ஏற்பாடு.

அந்தப் பை கூடத்துச் சொத்து இல்லை. ஸ்டாக் ரிஜிஸ்டரில் அது ஏறவில்லை, போய்ப் பார். எனக்கு என்று வாங்கி என் கையில் நீ கொடுத்தது. மறந்துவிட்டாயா? முதல் முறை எல்லாமே கண்ணாடிக் குழாய்தான். குரோமிக் அமிலத்தில் கழுவிக் கழுவி என் விரல் தோல் உரிந்துபோய், சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டேன். நீ பார்த்துவிட்டு, “இன்னாடி கை இது, புண்ணா வச்சிக்கினு கீற” என்று திட்டினாய். அடுத்த வாரமே சென்னை போய் வந்து ஒரு பெரிய பையை என் மேஜையில் போட்டாய். “இனிமே கழுவாத. ஒரு தபா யூஸ் பண்ணு, தூக்கிப் போடு. கை ஆறட்டும்” என்றாய். இரண்டாவது முறை முழுக்க அதில்தான் செய்தேன். அன்றைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

இப்போது யோசித்தால் அதுவும் திட்டம் போட்டுத்தான் செய்தாயோ என்று இருக்கிறது. அப்படி அன்பாக இருந்தவளை யார் சந்தேகப்படுவார்கள்? உன் கெண்டை மீன் செவுள் ஆராய்ச்சியில் இரண்டு வருஷமாக ஒன்றும் வரவில்லை. உதவித்தொகை நீட்டிப்பு நம் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். என் வேலை பாழானதும் அது யாருக்குக் கிடைத்தது என்று ஊருக்கே தெரியும்.

நான் வரவில்லை. வீட்டில் வரன் பார்க்கிறார்கள். தூக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்த பெண்ணுக்குப் படுத்தால் தூக்கம் வருவதில்லை என்பதை மட்டும் மாப்பிள்ளை வீட்டில் சொல்லாமல் இருக்கிறோம்.

இதற்குப் பதில் எழுதாதே.

அம்சா


விழுப்புரம்,
8.3.2004

இயேசு மரி சூசை

அன்புள்ள அம்சா,

எழுதாதே என்று சொல்லியிருந்தாய். கிட்டத்தட்ட ஆறு வருஷம் கேட்டேன். உன் கல்யாணப் பத்திரிகை மற்றவர்களுக்கெல்லாம் வந்ததையும் கேள்விப்பட்டேன். அதற்காக இப்போது சண்டை போட வரவில்லை.

நான் இங்கேயே விரிவுரையாளராக இருக்கிறேன். மீன் செவுளை வைத்தே டாக்டர் பட்டம் வாங்கிவிட்டேன். யாரும் அதைப் படிக்கப் போவதில்லை. பேராசிரியர் சீனுவாசன் ஓய்வு பெற்றுப் புதுச்சேரியில் மகன் வீட்டில் இருக்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை. அம்சா எப்படி இருக்கிறாள் என்று மாதம் ஒரு தடவையாவது கேட்கிறார்கள். நல்லா இருக்கா என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நம்மோடு படித்த காந்திமதியைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நீ சரியாகத் தூங்குவதில்லை, டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார் என்றாள். அதைக் கேட்ட பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. மூளையில் இந்தக் கொழுப்புகளைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு, நினைவிருக்கும். அந்த நொதியே இல்லாமல் பிறக்கும்படி செய்த சுண்டெலிகளைப் பற்றி இப்போது எழுதுகிறார்கள். சிதைக்க ஆள் இல்லாததால் இந்தக் கொழுப்புகள் மூளையில் தேங்குகின்றனவாம். அந்தச் சுண்டெலிகள் மற்றவற்றைவிட ஆழ்ந்து தூங்குகின்றனவாம். படித்ததும் எனக்கு உன் முதல் தட்டுதான் ஞாபகம் வந்தது. நீ போன திசை சரியான திசைதான்.

ஆனால் உப்புத் தண்ணீர் மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் விடவில்லை. மாதா மேல் ஆணை. அதனால் கேட்கிறேன், ஒரே ஒரு தடவை. நீ விட்டாயா? ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் நம்புகிறேன்.

வெனிலா


திண்டிவனம்,
21.3.2004

டாக்டர் வெனிலா அவர்களுக்கு,

ஆமாம் என்றாலும் நம்புவாயாம், இல்லை என்றாலும் நம்புவாயாம். இரண்டையும் ஒரே மாதிரி நம்புகிறவள் எதையும் நம்பவில்லை என்று அர்த்தம்.

இப்போது எதற்கு எழுதினாய்? என் முதல் தட்டு உனக்கு எதற்கு? பழைய குறிப்புகளைக் கேட்டு அடுத்த கடிதம் வரும், அதை உன் பெயரில் போடுவாய் என்று தோன்றுகிறது. கேட்காமலே சொல்லிவிடுகிறேன், எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் முருகையன் இங்கே மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறார். நானும் மண்டியில் உட்காருகிறேன். மல்லாட்டையைக் கையில் எடுத்து ஆட்டி, தோலுக்குள் வேர்க்கடலை குலுங்கும் சத்தத்தை வைத்தே ஈரம் இருக்கிறதா என்று சொல்கிறேன். அதற்கு யாரும் உப்புத் தண்ணீர் கேட்பதில்லை. மூட்டை இறக்க வருகிறவர்கள் என்னை “டாக்டருக்குப் படிச்சிட்டு பாதில வந்துட்டவங்க” என்கிறார்கள். ஏன் பாதியில் வந்தேன் என்றும் அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். பெண் பார்த்த சமயத்தில் யாரோ அவர் வீட்டுக்குப் போய், “காலேஜ்ல இன்னாவோ தில்லுமுல்லு பண்ணிட்டு வெளிய வந்த பொண்ணு, பாத்து முடிவு பண்ணுங்க” என்று சொல்லியிருக்கிறார்கள். அது நீ இல்லை என்று நான் எப்படி நினைப்பது?

அவர் நல்ல மனுஷர். அதையெல்லாம் கேட்காமல்தான் தாலி கட்டினார். போன தீபாவளிக்கு மட்டும், பேச்சோடு பேச்சாகச் சிரித்துக்கொண்டே கேட்டார். “நெசமாவே நீ ஒண்ணும் பண்ணலதான?” என்றார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். கூடக் குடும்பம் நடத்துகிறவருக்கே சந்தேகம் இருக்கும்போது தூக்கம் எங்கிருந்து வரும்? காந்திமதியிடம் சொல், மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

உன் அம்மாவிடம் மட்டும் நான் கேட்டதாகச் சொல்.

அம்சா


விழுப்புரம்,
18.12.2008

இயேசு மரி சூசை

அம்சா,

இதைக் கிழித்துப் போடுவதற்கு முன் முழுசாகப் படித்துவிடு. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன மாதம் வெளிவந்த ஒரு அறிவியல் பத்திரிகையில் ஒரு கட்டுரை. கனடாவில் சிலர் ஒரு நொதியை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். விடை தாறுமாறாக வந்தது. மருந்தை மாற்றிப் பார்த்தார்கள், உப்பை மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் தண்ணீரைச் சோதித்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் குழாயில் இருந்த வெறும் தண்ணீர். அதில் என்ன இருந்தது தெரியுமா? ஒலியமைடு.

பிளாஸ்டிக் குழாய் அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கி வரவேண்டும் என்பதற்காக, செய்யும்போதே அதைக் கலக்கிறார்களாம். மூளை தூங்குவதற்குச் செய்துகொள்ளும் அதே பொருள், தொழிற்சாலையில் வழுக்குப் பசையாக இருக்கிறது. தண்ணீர் ஊற்றினாலே கசிகிறதாம். நாம் ஊற்றியது குளோரோபார்மும் மெத்தனாலும். கொழுப்பைக் கரைத்து எடுப்பதற்கென்றே ஊற்றினோம்.

நீ விடவில்லை. நான் விடவில்லை. குழாய் விட்டிருக்கிறது.

உன் முதல் தட்டு கண்ணாடிக் குழாயில் செய்தது. அது சுத்தமாக வந்ததற்குக் காரணம் அது உண்மை என்பதுதான். இரண்டாவதைக் கெடுத்தது நான் உன் கை ஆறட்டும் என்று வாங்கி வந்த பை. பத்து வருஷமாக ஒரு துரோகியைத் தேடிக்கொண்டிருந்தோம் அம்சா. அது பாரிமுனையிலிருந்து உன் மேஜைக்கு நானே தூக்கி வந்தது.

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டிக்கு அந்தப் பத்திரிகை வராது. ஆனால் உன் வீட்டுக்காரர் கேட்டதாக நீ எழுதியிருந்தது என்னை விடவில்லை.

கட்டுரையின் நகலை இணைத்திருக்கிறேன்.

வெனிலா


திண்டிவனம்,
2.1.2009

வெனிலா,

படித்தேன். அகராதியை வைத்துக்கொண்டு முழுக்கப் படித்தேன். இங்கிலீஷ் துருப் பிடித்துவிட்டது.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. இது நன்றாக ஜோடித்த கதையாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. யாரும் குற்றவாளி இல்லை, நீயும் நல்லவள், நானும் நல்லவள், குழாய்தான் கெட்டது. இப்படி ஒரு முடிவு கிடைத்தால் உனக்கு எவ்வளவு நிம்மதி! கனடாக் குழாயில் கசிந்தது என்றால் பாரிமுனைக் குழாயிலும் கசிந்திருக்கும் என்று எப்படிச் சொல்வாய்? அங்கே செய்தவர்கள் வேறு, இங்கே செய்தவர்கள் வேறு. நான் பத்து வருஷம் பட்டதை ஒரு கட்டுரை நகலை வைத்து மூடிவிட முடியாது.

ஆனால் சோதித்துப் பார்க்க முடியும். நீ அன்றைக்குக் கேட்ட பை என்னிடம் இருக்கிறது. வாய் கட்டியபடியே இருக்கிறது.

என் நிபந்தனைகள். பையை நானே கொண்டு வருவேன், உன் முன்னால்தான் அவிழ்ப்பேன். கண்ணாடிக் குழாய்களும் நானே கொண்டு வருவேன். உன் கூடத்துக் கண்ணாடி எனக்கு வேண்டாம். குளோரோபார்ம் புது பாட்டிலாக, சீல் உடைக்காததாக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரை நான் ஊற்றுவேன். சுத்தமான ஒலியமைடு சீசா ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்தான், அதைக் கடைசியில் நான் மட்டும் வேறு மேஜையில் தொடுவேன். அதுவரை பிரிட்ஜ் சாவி என் முந்தானையில் இருக்கும். இதில் ஒன்று குறைந்தாலும் வர மாட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “போய்ட்டு வா. கடய நான் பாத்துக்கறேன்” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்க நினைத்தது முகத்தில் தெரிந்தது.

அம்சா


விழுப்புரம்,
10.1.2009

இயேசு மரி சூசை

அம்சா,

எல்லாவற்றுக்கும் சம்மதம். பொங்கல் கழித்து வரும் 24ஆம் தேதி, சனிக்கிழமை வா. கூடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். சாவியை வாசலிலேயே உன்னிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஆனால் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. கோபப்படாமல் கேள். பத்து வருஷமாக அந்தப் பையை எதற்கு வைத்திருக்கிறாய்? என்மேல் அவ்வளவு ஆத்திரம் இருந்தவள் முதல் நாளே குப்பையில் போட்டிருப்பாள். ஆராய்ச்சிக் குறிப்புகளை எல்லாம் அடுப்பில் போட்டதாக எழுதினாய். இதை மட்டும் வாய் கட்டி வைத்திருக்கிறாய் என்றால், என்றைக்காவது என்னை மாட்டிவிட உதவும் என்று வைத்தாயா? இரண்டு நாளாக இதுதான் மண்டையைக் குடைகிறது. பையில் ஏதாவது கலந்து கொண்டு வருவாயோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்த பிறகு என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. பார், நாம் இப்படி ஆகிவிட்டோம்.

புள்ளி வராவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தாயா? நான் யோசித்தேன். வராவிட்டால் பழையபடி இரண்டு பேரில் ஒருத்தி திருடி. அதற்கு அப்புறம் நீ எனக்கு எழுத மாட்டாய். அதனால் வந்தால் போதும் என்று ஆரோக்கிய மாதாவிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு புள்ளிக்காக மெழுகுவத்தி ஏற்றிய விலங்கியல்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மதியம் வீட்டில்தான் சாப்பாடு. அம்மா சொல்லிவிட்டார்கள். “அவ வந்தா வரட்டும், வராட்டி நான் திண்டிவனம் போறேன்” என்கிறார்கள்.

வெனிலா


திண்டிவனம்,
3.2.2009

அன்புள்ள வெனி,

நீயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய், ஆனாலும் எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வருகிறது. கண்ணாடிக் குழாயில் இருந்த உப்புத் தண்ணீருக்கு ஒன்றும் இல்லை, வெள்ளையாகவே இருந்தது. உன் பையிலிருந்து எடுத்த குழாயில் இருந்த அதே உப்புத் தண்ணீருக்குப் புள்ளி. பக்கத்தில் ஒலியமைடும் அதே உயரத்தில். அயோடின் புகையில் அது மெதுவாக மஞ்சளாகி வந்தபோது நீ என் கையைப் பிடித்தாய். நான் உதறிவிட்டேன். அது உன்மேல் உள்ள கோபம் இல்லை. நீ உடனே அழ ஆரம்பித்துவிட்டாய். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். திட்ட ஒரு ஆள்கூட மிச்சமில்லாமல் போய்விட்டதே என்று இருந்தது. அன்றைக்கு நான் சரியாகப் பேசாமல் கிளம்பியதற்கு அதுதான் காரணம். சாப்பாடு நன்றாக இருந்தது என்று அம்மாவிடம் சொல். மீன் குழம்பில் மட்டும் பழையபடி உப்பு தூக்கல்.

மிச்சக் குழாய்களைச் சென்னைக்கு அனுப்பிப் பெரிய கருவியில் பார்க்க வேண்டும் என்றாயே, அனுப்பு. பேராசிரியர் சீனுவாசனுக்கு நீ எழுதியதன் நகலும் வந்தது. ‘முதல் சோதனையின் முடிவு உண்மையானது, அம்சா மீது எந்தத் தவறும் இல்லை’ என்று எழுதியிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ‘என் கவனக்குறைவால்’ என்று சேர்த்திருக்கிறாய். அதை அடித்துவிட்டு வேறொன்று எழுதி அனுப்பு. கவனம் இருந்ததால்தான் நீ பாரிமுனை போனாய். என் கையைப் பார்த்தது நீ ஒருத்திதான்.

மறுபதிவு செய்யப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். கிடைக்குமா என்று தெரியாது. கிடைத்தால் நீதான் எனக்கு வழிகாட்டி. மீன் செவுள்காரியின் கீழ் தூக்க ஆராய்ச்சி. கண்ணாடிக் குழாய்தான், நானே கழுவுவேன்.

இப்போது உன் கேள்வி. எதற்கு வைத்திருந்தேன் என்று கேட்டாய். மாட்டிவிட இல்லை. அது நீ எனக்குக் கொடுத்தது, வெனி. அதுதான் காரணம். உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அதைப் பெட்டியில் வைத்தேன். கல்யாணமாகி வந்தபோது சீர்ப் பாத்திரங்களோடு அதுவும் வந்தது. பீரோவில் கூரைப் புடவைக்கு அடியில்தான் இருந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் பீரோவை ஒழிக்கும்போது தூக்கிப் போட எடுப்பேன், போட மனசு வராது. எனக்கே என்மேல் எரிச்சலாக வரும். போட்டிருந்தால் இன்றைக்கு எனக்குச் சாட்சி இல்லை.

அன்றைக்கு விழுப்புரத்தில் தட்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சென்னை பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோர சீட். விக்கிரவாண்டி வந்தது தெரியும். அப்புறம் ஒன்றும் தெரியாது. யாரோ தோளைத் தட்டினார்கள். கண்டக்டர். “இன்னாமா, திண்டிவனத்துக்குத்தான டிக்கெட்டு வாங்கன? அச்சரப்பாக்கமே வந்துடுச்சி, ஜம்முனு தூங்கிக்கினு வர்றியே!” என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. எதிர்ப் பக்கம் நின்று வேறு பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன்.

அவர் மண்டியைப் பூட்டிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். “இன்னா இவ்ளோ லேட்டு? நான் பயந்துட்டேன்” என்றார். தட்டை அவிழ்த்துக் காட்டலாம், எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். “பஸ்ஸுல தூங்கிட்டேங்க” என்றேன். “நீயா?” என்றார். பிறகு அந்தத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, “மொதல்ல உள்ள வா, நிதானமா சொல்லு” என்றார். தட்டு உடைந்துவிடுமோ என்று இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அம்மாவுக்கு என் அன்பு.

அம்சா

பி.கு. இந்தக் கடிதத்துக்கு நகல் எடுக்கவில்லை.